அப்பாவின் வேலைச் சட்டை, அம்மாவின் போர்வை

விற்பதற்கில்லை, வீட்டாருக்குத்தான் என்று தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள் அருங்காட்சியகச் சுவர் ஏறின. இன்றும் மகனுக்கும் பேத்திக்கும் என்று ஊசி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடும் நிலத்தில் இருக்கிறது கீஸ் பெண்ட். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தி விளைவித்துப் பிழைத்த கறுப்பின மக்களின் சிற்றூர் அது. 1942-இல் அந்த ஊரில் மிசூரி பெட்வே என்ற பெண்மணி கணவரைப் பறிகொடுத்த துயரத்தில் இருந்தார். எட்டு மாதம் நோயில் கிடந்து இறந்த மனிதர். அவர் விட்டுப்போனவற்றில் வயல்வேலைக்குப் போட்டுப் போட்டு நைந்த கால்சட்டைகளும் சட்டைகளும் இருந்தன. அவற்றைச் சேர்த்துத் தைத்து ஒரு போர்வை செய்யப்போவதாகவும், அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு படுக்கப்போவதாகவும் மிசூரி தன் மகளிடம் சொன்னார்.

மகள் அர்லோன்சியாவுக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. துணிகளைக் கிழித்துக் கொடுத்தது அவர்தான். கால்சட்டையின் கால் கீழே குறுகி, மேலே அகன்றிருக்கும். அகன்ற பகுதியை வெட்டிச் சீராக்கி, ஒரே அளவுப் பட்டைகளாக்கி அம்மாவிடம் நீட்டினார். பல ஆண்டுகள் கழித்து, வயதான காலத்தில், அந்த வேலையை அவரே விவரித்துச் சொல்லியிருக்கிறார்.

கீஸ் பெண்டின் இப்படிப்பட்ட வேலைத்துணிப் போர்வைகளைக் கிட்டத்தில் நின்று பார்த்தால், உடுத்தியவரின் உடம்பு தெரியும். முழங்கால் மண்ணில் ஊன்றித் தேய்ந்த இடம் வெளுத்துக் கிடக்கும். பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாமல் பழைய அடர்நீலத்திலேயே இருக்கும். கிழிசலுக்குப் போட்ட ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டு இருக்கும்.

2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் நடந்த கீஸ் பெண்ட் கண்காட்சியில் மிசூரியின் போர்வையும் இடம்பெற்றது. 2023-இல் லிசா கெயில் காலின்ஸ் என்ற கலை வரலாற்று அறிஞர் இந்த ஒரு போர்வையை வைத்தே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

வீட்டாளுக்கென்று, வீட்டில் கிடப்பதைக் கொண்டு செய்த காரியம் எப்படி இவ்வளவு பெரிய கலையாயிற்று? வீட்டாளுக்கென்று செய்ததால்தான். யாருக்கு என்று தெரிந்து தைக்கும்போது அளவு, நிறம், துணி, கனம் எல்லாம் அந்த ஆளை வைத்தே முடிவாகின்றன. முன்பின் தெரியாத வாடிக்கையாளருக்குத் தைப்பவருக்கு இந்த உரிமை கிடைப்பதில்லை.

மூன்று அடுக்கு, ஓர் ஓட்டுத்தையல்

குவில்ட் என்று அழைக்கப்படும் இந்தப் போர்வைக்குப் பெரும்பாலும் மூன்று அடுக்கு. மேலே, துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த முகப்பு. நடுவில் பஞ்சு அல்லது கம்பளி, வசதி இல்லாத வீட்டில் கந்தலாகிப்போன பழைய போர்வை. அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஓட்டுத்தையல். அது இல்லாவிட்டால் இரண்டு முறை துவைப்பதற்குள் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிக் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். போர்வையின்மேல் கோடுகோடாகவும் வளைவு வளைவாகவும் ஓடுகிற தையலுக்கு முதல் வேலை பஞ்சைப் பிடித்துவைப்பது. அழகு அதற்குமேல் வருவது.

கையால் தைப்பவர்கள் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக்கொள்வது வழக்கம். வலது கை நடுவிரலில் அங்குஸ்தான். இடது கை துணிக்கு அடியில். ஊசி நேராக இறங்கும். அதன் நுனி அடியில் காத்திருக்கும் விரலை லேசாகத் தொட்டதும், அந்த விரல் துணியைக் கீழிருந்து மேலே உந்தும். அதே நொடியில் அங்குஸ்தான் ஊசியின் பின்பக்கத்தைச் சாய்க்க, நுனி மேலே தலைகாட்டும். இப்படி மூன்று, நான்கு தையல்களை ஊசியிலேயே கோத்துக்கொண்டு ஒரே இழுப்பாக நூலை இழுப்பார்கள். நூலின் முடிச்சு வெளியே தெரியக் கூடாது. ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு முகப்பைத் துளைத்துப் பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கை பழகியவர்கள் ஓர் அங்குலத்துக்குள் பத்துத் தையல்கூட வைப்பார்கள். அவர்களுடைய இடதுகை விரல்நுனி, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருக்கும்.

ஒரு கட்டில் போர்வையை இப்படிக் கையாலேயே முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் அதைப் போர்த்திக்கொள்ளப் போகிறவர் தைப்பவரின் மனத்தில் இருக்கிறார். அவன் உயரம் என்ன, அவளுக்குக் கால் சில்லிடுமா, எந்த நிறம் பிடிக்கும், எதைக் கண்டால் ஆகாது என்று ஒவ்வொன்றும் யோசிக்கப்படுகிறது. தாய்க்கும் பாட்டிக்கும் இந்த விவரங்களை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெட்வேக்களின் ஊர்

கீஸ் பெண்ட் 1816-இல் ஜோசப் கீ என்பவர் தொடங்கிய பருத்தித் தோட்டம். 1845-இல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அவர் வட கரோலினாவிலிருந்து சுமார் நூறு அடிமைகளை அலபாமா வரை நடத்தியே கூட்டிவந்தார். அடிமை முறை ஒழிந்த பிறகும் அந்த மக்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். முதலாளியின் பெயரே அவர்களுக்குக் குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது. ஊரில் பெட்வே என்ற பெயர் அத்தனை பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

1932-இல் பேரிடி விழுந்தது. ஊராருக்குக் கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்துபோக, அவருடைய குடும்பம் பாக்கியை வசூலிக்க ஆளனுப்பியது. ஏர், வண்டி, மாடு, கோழி, சேர்த்துவைத்த தானியம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவைக் கொண்டுதான் ஊர் தாண்டியது. 1937-இல் அரசு அனுப்பிய புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டைன் அங்கே எடுத்த படங்களில், குளிர்காற்றை அடைக்க உட்சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டிய மரக்குடில்களைப் பார்க்கலாம். ஜொரேனா பெட்வே என்ற பெண் இரண்டு சிறுமிகளோடு உட்கார்ந்து போர்வை தைக்கும் படமும் அவற்றில் உண்டு.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு போர்வை போதாது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பலவற்றை அடுக்கிப் பிள்ளைகளைப் படுக்கவைக்க வேண்டும். பருத்தி அரைக்கும் ஆலைத் தரையில் சிந்திய பஞ்சைப் பெருக்கி எடுத்துவந்து, கோலால் அடித்துப் பரப்பி நடுவில் வைத்தார்கள். மாவுப் பையும் உர மூட்டையும் அடித்துணியாயின. கடைத்துணி வாங்கப் பணமில்லாததால் கிழிந்த உடுப்புகளே முகப்பாயின.

துணி எந்த நீளத்தில் கிடைக்கிறதோ அந்த நீளத்தில்தான் கோலம் அமையும். நடுவில் ஒரு சதுரத்தை வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை அடுக்கிப் போவதற்கு ‘வீட்டுக்கூரை’ என்று பெயர். பட்டை பாதியில் தீர்ந்துபோனால் இன்னொரு நிறத்தை இழுத்துப்போட்டு முடிப்பார்கள். ஒரு பக்கம் சாயும், இன்னொரு பக்கம் திடீரென்று சிவப்பு பாயும். எந்தக் கோலத்துக்கும் கட்டுப்படாமல் தைத்ததை ‘என் வழி’ என்றார்கள் அந்த ஊர்ப் பெண்கள். லொரெட்டா பெட்வே தனக்குத் தையலில் விருப்பமே இருந்ததில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். பிள்ளைகள் குளிரில் நடுங்கக் கூடாது, அதனால் தைத்தார். அவர் தைத்தவை இன்று அமெரிக்கக் கலையின் உச்சங்களில் சேர்த்துப் பேசப்படுகின்றன.

சந்தை வந்தபோது

1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் கீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். வாக்குரிமைப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். அதற்கு முன்பே, 1962-இல், ஆற்றைக் கடந்து கேம்டன் நகரத்துக்குப் போகும் படகுச் சேவை நிறுத்தப்பட்டிருந்தது. வாக்காளராகப் பதிவு செய்ய அந்த நகரத்துக்குத்தான் போயாக வேண்டும். படகில் சில நிமிடங்களில் முடிகிற பயணம் சாலையில் ஒரு மணி நேரச் சுற்றாகிவிட்டது. படகு மறுபடி ஓடியது 2006-இல்.

வாக்குரிமை கேட்டதற்காக வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்த குடும்பங்களுக்கு வருமானம் தேவைப்பட்டது. 1966-இல் பாதிரியார் ஃபிரான்சிஸ் வால்டரின் முயற்சியில் அந்த வட்டாரப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். அவர்களின் போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின, பெரிய கடைகளில் விற்றன. 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரச் சொல்லி ஒப்பந்தம் கொடுத்தது. கறுப்பினப் பெண்கள் தாங்களே நடத்திய தொழிலில் சம்பளம் வாங்கினார்கள். அந்த ஊருக்கு அது சாதாரண விஷயமில்லை.

ஆனால் கடை ஒரே மாதிரியைக் கேட்டது. ஆயிரம் உறை என்றால் ஆயிரமும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தையல். ‘என் வழி’க்கு அங்கே இடமில்லை. பட்டறையில் மிஞ்சிய கார்டுராய் வெட்டுத்துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஆலிவ் பச்சை, மஞ்சள், செம்பழுப்பு என்று அந்தத் துண்டுகளில் தங்கள் பிள்ளைகளுக்குத் தைத்த போர்வைகளில் பழைய துணிச்சல் அப்படியே இருந்தது.

கலைச் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் 1990-களின் பிற்பகுதியில் ஒரு புகைப்படத்தில் ஆனி மே யங் தைத்த போர்வையைக் கண்டு, அதைத் தேடிக்கொண்டு கீஸ் பெண்டுக்கு வந்தார். 2002 கண்காட்சி அந்தத் தேடலின் விளைவு. கண்காட்சியின் நாயகமாக விளங்கியவை கட்டிலுக்கு அடியிலிருந்தும் அலமாரியிலிருந்தும் எடுத்த வீட்டுப் போர்வைகள்தான். 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்து கீஸ் பெண்ட் போர்வைகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது. 2015-இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே மூவருக்கும் நாட்டுப்புறக் கலைகளுக்கான அந்த நாட்டின் உயர்ந்த கௌரவமான தேசிய பாரம்பரிய விருது கிடைத்தது.

பழம்புடவையும் பிறந்த குழந்தையும்

இங்கே இந்தியாவில், வங்காளத்தில் இதே வேலைக்குக் காந்தா என்று பெயர். கட்டிக் கட்டி மெத்தென்று ஆகிவிட்ட பழம்புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பஞ்சு வைக்காமல், நெருக்கமான ஓட்டுத்தையலால் சேர்ப்பார்கள். புடவைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு, நீல, கறுப்பு நூலே பூவேலைக்குப் போதும். நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் மரம், இடையில் யானை, மீன், பல்லக்கு என்று வீட்டுப் பெண்ணின் உலகம் முழுவதும் அதில் ஏறும். படுக்கைக்கு ஒன்று, விருந்தாளிக்கு விரிக்க ஒன்று, புத்தகம் பொதிய ஒன்று, கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்க ஒன்று என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒரு காந்தா இருந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தைப்பதற்குத் தனி மதிப்பு. பெரியவர்களின் பழந்துணி குழந்தையைக் கண்ணேறு படாமல் காக்கும் என்பது நம்பிக்கை.

ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் ஊர் ஊராகப் போய்க் காந்தாக்களைச் சேகரித்தார். கொல்கத்தாவின் ஜோகா பகுதியில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற காந்தா, 19-ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்ற பெண் தைத்தது. சிப்பாய்கள், ஐரோப்பியர்கள் என்று அந்தக் காலத்து மனிதர்கள் அதில் அணிவகுக்கிறார்கள். இதைத் தன் தந்தைக்காகத் தைத்ததாகத் தன் பெயரோடு அவர் நூலாலேயே எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் தைத்த பெண்களில் பலருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. மானதாசுந்தரி மட்டும் பெயரோடு நிற்கிறார்.

பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் பிறந்த குழந்தையைப் போர்த்தத் தைப்பது சுஜனி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டுகோடு வட்டாரங்களில் வாழும் சித்தி மக்கள் தைப்பது கவந்தி. சித்திகளின் முன்னோர் நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களின் தையல் முறையில் ஒரு விசேஷம் உண்டு. பழம்புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தோடு ஓரமாகத் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். கடைசித் துண்டு நடுவில் விழும். வரைபடமும் கிடையாது, முன்கூட்டி வெட்டுவதும் கிடையாது. நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துணிகளை ‘பூலா’வாக, அதாவது பூவாக வைக்காமல் எந்தக் கவந்தியும் முடிவதில்லை. கிறிஸ்தவ வீட்டில் சிலுவை, இஸ்லாமியர் வீட்டில் பிறை, இந்து வீட்டில் துளசி மாடம் என்று அந்தந்தக் குடும்பத்தின் அடையாளமும் சில சமயம் ஏறும். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் இந்தப் பெண்களோடு பழகி ஆய்வு செய்து, அவர்கள் ஒரு கூட்டுறவு அமைக்கத் துணைநின்றார். 2011-இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் கவந்திகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

கொடுக்க மனமில்லாத போர்வை

ஹேரியட் பவர்ஸ் 1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டிப் பதினொரு கட்டங்களில் ஒரு போர்வை செய்தார். 1886-இல் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தரமாட்டேன் என்று ஹேரியட் மறுத்துவிட்டார்.

சில ஆண்டுகளில் குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தது. போர்வையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜென்னியின் வீட்டுக்குப் போனார். பத்து டாலர் கேட்டார், ஐந்து டாலர்தான் கிடைத்தது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கிச் சொன்னார், ஜென்னி எழுதிவைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் தன் போர்வையைப் பார்ப்பதற்காகவே ஹேரியட் அந்த வீட்டுக்குப் பலமுறை வந்துபோனார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் இருக்கிறது. தைத்தவர் சொன்னதை ஒருவர் எழுதிவைத்ததால்தான் அந்தக் கட்டங்களின் பொருள் நமக்குத் தெரிகிறது.

சாங்கியிலிருந்து ஒரு சேதி

1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்த ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் இன்னொரு பக்கம். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வனி ஒரு யோசனை சொன்னார். ஆஸ்பத்திரியில் இருக்கும் காயம்பட்டவர்களுக்குப் போர்வை தைத்துத் தருகிறோம் என்று அனுமதி வாங்குவது. ஆறு அங்குலச் சதுரத் துணி ஆளுக்கொன்று கொடுக்கப்பட்டது. பெயரும், தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றும் அதில் இருக்க வேண்டும்.

ஒருத்தி பூ தைத்தாள், ஒருத்தி விட்டுவந்த வீட்டைத் தைத்தாள், ஒருத்தி அடைபட்டிருந்த அறையையே தைத்தாள். 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானிய வீரர்களுக்கென்று மூன்று போர்வைகள். ஜப்பானியருக்கும் ஒன்று தைத்ததால் மற்றவை ஆஸ்பத்திரிக்குப் போக வழி பிறந்தது. பெயரைப் படித்தவர்கள் வழியாக, மனைவி உயிரோடு இருக்கிறாள் என்ற சேதி ஆண்கள் பக்கத்துக்குக் கசிந்தது. இரண்டு போர்வைகள் இப்போது கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

இதே காரியத்தை 1980-களின் அமெரிக்கா வேறொரு துயரத்துக்காகச் செய்தது. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்கு இறுதிச் சடங்கு செய்யவே பலர் தயங்கிய காலம். சான் பிரான்சிஸ்கோவின் கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிய முயற்சியில், இறந்தவர்களின் அம்மாக்களும் துணைவர்களும் நண்பர்களும் ஆறடி நீளம், மூன்றடி அகலத் துணியில் தங்கள் ஆளின் பெயரைத் தைத்தார்கள். ஒரு புதைகுழியின் அளவு அது. அவர் போட்டிருந்த சட்டை, கட்டிப்பிடித்துத் தூங்கிய பொம்மை, வாங்கிய பதக்கம் எல்லாம் அதில் ஏறின. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் நேஷனல் மாலில் 1,920 துணிகள் ஒரே போர்வையாக விரிக்கப்பட்டன. இன்று அந்தப் போர்வையில் சுமார் 50,000 துணிகள் உள்ளன, எடை 54 டன்.

நம் வீட்டு அலமாரி

வெயில் கொளுத்தும் தமிழ்நாட்டில் பஞ்சு வைத்த கனத்த போர்வைக்கு அதிகம் வேலையில்லை. ஆனால் பழம்புடவை நம் வீடுகளில் சும்மா கிடந்ததுமில்லை. தூளியாயிற்று, கைக்குழந்தைக்கு விரிப்பாயிற்று, தலையணை உறையாயிற்று, கடைசியில் கரித்துணியாயிற்று. இப்போது பொழுதுபோக்காக ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் இங்கேயும் பெருகிவருகிறார்கள். 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது.

நம் ஊர் வெப்பத்துக்குக் காந்தா, கவந்தி வழிதான் பொருத்தம். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவையை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், மூன்றேமுக்கால் அடி அகலத்தில் மூன்று அடுக்கு கிடைக்கிறது. ஓரத்தை மடித்து அடித்து, நெடுக ஓட்டுத்தையல் போட்டால் ஓர் ஆள் போர்த்திக்கொள்ளும் விரிப்பு தயார். பாட்டியின் சுங்குடியும் அம்மாவின் செட்டிநாட்டுக் கட்டமும் ஒரே விரிப்பில் வரலாம். சாயம் ஓடுமா என்று முதலில் தனியாக நனைத்துப் பார்த்துவிட வேண்டும். சரிகைக்கரை வேண்டாம். உடம்பில் உரசும், துவைக்கத் துவைக்க நூலையும் அறுக்கும்.

முதல்முறை தைப்பவர்களுக்குக் குழந்தை விரிப்பு நல்ல தொடக்கம். ஐந்து அங்குலச் சதுரங்கள் 80 வெட்டிக்கொள்ள வேண்டும். வரிசைக்கு எட்டாகப் பத்து வரிசை. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுவதால் சதுரம் நாலரை அங்குலமாக நிற்கும், விரிப்பு 36-க்கு 45 அங்குலம் வரும். அந்தக் கால் அங்குலத்தில் தவறினால் வரிசைக்கு வரிசை மூலை பொருந்தாமல் முழுவதும் கோணிக்கொள்ளும். தைப்பதில் பாதி வேலை சரியாக வெட்டுவதில்தான் இருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரை. ஆகவே அந்த வயதில் அது தரையில் போட்டு விளையாடவிட, கவிழ்ந்து தவழவிட.

கல்லூரிக்கு வெளியூர் போகும் மகனுக்குப் பள்ளி விளையாட்டு டீ-ஷர்ட்டுகளைக் கோத்துத் தரலாம். பின்னல் துணி இழுபடும் என்பதால், சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் போல இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய துணியை அடியில் ஒட்டிவிட்டு வெட்ட வேண்டும். தாத்தா போனபின் மிஞ்சிய அரைக்கைச் சட்டைகளை வெட்டப் பலருக்கும் கை வராது. சட்டென்று முடிவெடுக்கத் தேவையில்லை. துவைத்து மடித்து ஒரு பையில் போட்டுவைத்தால் அடுத்த வருடமும் வெட்டலாம். வெட்டும்போது பாக்கெட்டை அப்படியே விட்டுவைத்தால், பேரன் அதற்குள் கைவிட்டு விளையாடுவான்.

கூலியைக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாத வேலைதான் இது. கடையில் இயந்திரத்தில் தைத்த போர்வை மலிவாகவே கிடைக்கிறது. தன் வீட்டாருக்கென்று தைப்பவர் அந்தப் போட்டிக்கே போவதில்லை. அவர் தைக்கிற அளவில், அந்த நிறத்தில், அந்தப் பழைய சட்டையில் செய்த போர்வை எந்தக் கடையிலும் இல்லை.

ஆனால் கொடுப்பதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பெரும்பாலோர் அதை விட்டுவிடுகிறார்கள். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய போர்வைகளில் ஏராளமானவற்றின் சீட்டில், தைத்தவர் பெயர் தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறது. ஆகவே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தைத்தவர் பெயர், ஊர், வருடம், யாருக்கு, என்ன வேளைக்கு என்பதை அதில் எழுதுங்கள். எந்தத் துண்டு யாருடைய புடவை, யாருடைய சட்டை என்பதையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள். துவைத்தால் அழியாத மையில் எழுதலாம், அல்லது நூலாலேயே தைக்கலாம். பின்பக்கத்து மூலையில் வைத்து நான்கு ஓரமும் அடித்துவிட்டு, அதன்பிறகு கொடுங்கள்.